அஞ்சலாட்சி கேட்டது, நான் எழுதியது

எங்கள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் ரோஜாப்பூ, முருகன் படம், சர்க்கரை நோய்க்கு வெண்டைக்காய்த் தண்ணீர், அவ்வளவுதான் அதில் வரும். நான் பெரும்பாலும் திறப்பதில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, திண்டிவனத்தில் என் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் விடாமல் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். ‘காணை அஞ்சலாட்சி அக்கா இன்னிக்கு விடியக்காலையில தவறிட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறாங்க’ என்று இருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளுக்கு நடுவே ஒரு மகானுபாவர், மேலே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே, இனிய காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூவை வைத்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கப் போனேன். எண்ணைத் தேடும்போதே கோபம் அவர்மேல் இல்லை என்று தெரிந்துவிட்டது. அஞ்சலாட்சி ஒரு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான் அதைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரைப் பற்றி ஒரு தவறான செய்தியை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் செய்தியை எழுதியவன் நான்.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் இருந்த அதிரடிப் பிரிவில் நான் ரைட்டர். வெளியாட்களிடம் இதைச் சொன்னால், ‘என்ன கதையெல்லாம் எழுதியிருக்கீங்க?’ என்று கேட்கிறார்கள். போலீஸில் ரைட்டர் என்றால் பதிவேடு எழுதும் ஏட்டு. எந்தத் துப்பாக்கி யார் கையில் போனது, யார் எப்போது என்ன உத்தரவு கொடுத்தார், எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். கதை எழுதக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் பாடம். நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். ‘ரைட்டர் எழுதினா கல்வெட்டு’ என்பார்கள். அதைக் கேட்டு நானும் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து நடந்தேன்.

அதிரடிப் பிரிவு என்றதும் கறுப்பு உடுப்பும் முகமூடியும் கயிற்றில் தொங்கி இறங்குவதும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதெல்லாம் குடியரசு தின விழாவுக்கு. ஆயுதத்தோடு ஒருவன் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டான், யாரையோ பிடித்துவைத்துக்கொண்டு மிரட்டுகிறான் என்று காவல் நிலையத்துக்காரர்கள் கையைப் பிசையும்போதுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட அழைப்பு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்தால் அதிகம். அந்த ஒரு நாளுக்காக மீதி நாட்களெல்லாம் பயிற்சி. ஓட்டம், கயிறு, கண்ணைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவது, கதவு, ஜன்னல், படிக்கட்டு. ஒரே கதவுக்குள் நூறு தடவை புகுந்து வருவார்கள். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும்.

அஞ்சலாட்சி எங்கள் பிரிவுக்கு வந்த முதல் பெண். காணைப் பக்கம் நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிற குடும்பம். அவரும் ஏட்டுதான், வயதிலும் எனக்கு ஒன்றிரண்டுதான் கீழே. சென்னைக்கு வெளியே கமாண்டோ பயிற்சியை முடித்துவிட்டு நேராக எங்களிடம் வந்து நின்றார். பெயரை எழுதிக்கொள்ளும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா?

“அஞ்சலைன்னு கூப்பிடுவாங்களா? பேருக்கேத்த மாதிரி நெஜமாவே அஞ்சலையா?” என்று கேட்டேன்.

“அஞ்சுவேன் ரைட்டரே. அஞ்சறவங்களத்தான் இங்க எடுக்கணும். அஞ்சாதவன் கையில துப்பாக்கியக் குடுத்தா ஊரு தாங்காது” என்றார்.

சிரிக்காமல் சொன்னார். நான் பதிவேட்டைக் கையெழுத்துக்காகத் திருப்பி வைத்தேன்.

முதல் வாரமே குண்டு துளைக்காத உடுப்பையும் தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட்டம். இளவட்டங்கள் நாலு பேர் அம்புபோலப் போனார்கள். அவர் காலாற வரப்பில் போகிறவர் மாதிரி ஒரே வேகத்தில் ஓடினார். பசங்களுக்கு ஒரே சிரிப்பு. ஓட்டம் முடிந்த கையோடு குறி பார்த்துச் சுட வேண்டும். அம்புபோலப் போனவர்களுக்கு மூச்சு வாங்கியதில் குண்டு மண்மேட்டுக்குப் போயிற்று. அஞ்சலாட்சியின் குண்டுகள் அட்டையில் நடுவட்டத்தில் இருந்தன. “ஜல்தியா ஓடி இன்னா பண்ணப் போறீங்க? போய்ச் சேந்தப்பறம் கை நடுங்காம நிக்கணும். அதுக்குத்தான ஓடறதே” என்றார். அன்றிலிருந்து பசங்களுக்கு அவர் அக்கா.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. மைதானத்துக்குப் பின்னால் ஆள் குடியில்லாமல் விட்ட பழைய போலீஸ் குவார்ட்டர்ஸ் ஒன்று இருந்தது. அதில்தான் வீட்டுக்குள் புகும் பயிற்சி. பணயக்கைதியாக உட்கார ஆள் இல்லை என்று ஒருநாள் என்னைக் கொண்டுபோய் நாற்காலியில் கட்டிப் போட்டார்கள். எனக்கு அது சொகுசாகவே இருந்தது. மடியில் ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலை, அதான் நம்ம மல்லாட்டை. கை மட்டும் எட்டியிருந்தால் சொர்க்கம்தான். கதவு திறந்தது. அடுத்த நொடி நான் நாற்காலியோடு குப்புறத் தரையில் கிடந்தேன். முதுகில் அஞ்சலாட்சியின் முழங்கால். கண்ணாடி ஒரு பக்கம், மல்லாட்டை ஒரு பக்கம்.

“என்ன மீட்கத்தானம்மா வந்தீங்க!” என்று கத்தினேன்.

“நீங்கதான் கைதின்னு எனக்கு எப்படித் தெரியும்? நாக்காலியில ஒக்காந்திருந்தா கைதியா? மொதல்ல எல்லாரும் தரையில. யாரு எவருன்னு கேட்டுத் தெரிஞ்சப்பறம் மன்னிப்புக் கேட்டுக்கலாம்.”

கேட்டுக்கொண்டார். மறுநாள் கண்ணாடிக்குப் புது ஃப்ரேமும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். ஆனால் அந்த முறையை விடவில்லை. பார்த்ததை வைத்து முடிவு கட்டாதே, கேள் என்பதுதான் அவருக்கு எல்லாவற்றிலும்.

இன்னொரு பயிற்சியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அறைக்குள் போனவர் தேடி முடித்துத் திரும்பும்போது, வெளியே நிற்கும் நம் ஆளே தவறிச் சுட்டுவிடாமல் இருக்க, குரல் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஒருநாள் உள்ளேயிருந்த பையன் “வர்றேன்” என்று குரல் கொடுத்தான். வெளியே இருந்தவன், அவன் அந்தப் பக்கக் கதவு வழியாகக் கிளம்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். இரண்டு தலைக்கவசமும் நிலைப்படியில் மோதிக்கொண்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அஞ்சலாட்சி மட்டும் யோசித்துக்கொண்டு நின்றார்.

“தப்பு பசங்களோடது இல்ல. நம்ம வாயோடது” என்றார். “வீட்டுக்கு வர்றவனும் வர்றேன்றான், வீட்ட விட்டுப் போறவனும் வர்றேன்றான். போறேன்னு சொன்னாத்தான் நமக்கு ஆவாதே. இனிமே இங்க வெறும் வர்றேன் கெடையாது. ‘வெளிய வர்றேன்’, ‘உள்ள போறேன்’. ரெண்டே ரெண்டுதான்.”

முதலாவது சிக்கலில்லை. இரண்டாவதைச் சொல்லப் பசங்களுக்கு நாக்கு எழவில்லை. கையில் துப்பாக்கியோடு ‘போறேன்’ என்று எவன் சொல்லுவான்? ஒருவன், “பேஜாரு புடிச்ச வார்த்தைக்கா, எங்கம்மா கேட்டா சோறு போடாது” என்றான். அவர் விடவில்லை. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அந்த விதியைப் பயிற்சிக் குறிப்பில் எழுதியவனும் நான்தான். அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ‘வர்றேன்’ என்ற சொல் தனியாக வந்ததே இல்லை. ‘வெளிய’ என்பது அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டே வரும். என் காதும் அப்படியே பழகிப்போயிற்று. நடந்த பிழைக்கு வேர் இதுதான் என்று பிற்பாடு யோசித்தபோது தெரிந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். பத்து வருடம் ஆகிறது. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த மனிதரின் பெயரையும் மாற்றி ஏழுமலை என்று வைத்துக்கொள்கிறேன். மனைவி காய்ச்சலில் இறந்து மூன்று மாதம். எட்டு வயதில் ஒரே பெண். பெண்ணைத் தங்களோடு அழைத்துப் போக மாமியார் வீட்டார் வந்த காலையில், ஏழுமலை பெண்ணையும் சமையல் எரிவாயு சிலிண்டரையும் உள்ளே இழுத்துவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு தடவை சிலிண்டரைத் திறந்தும் காட்டி மூடியிருக்கிறார். தெருவே காலி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

இன்ஸ்பெக்டரும் நாலு பேரும் பின்பக்கச் சந்தில். உத்தரவு கொடுக்க வேண்டியவர் அவர். முன்கதவில் அஞ்சலாட்சி, அவருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி இரண்டு பேர். நான் தெருமுனையில் வேனுக்குள். அஞ்சலாட்சியின் தோளில் இருந்த மைக் வழியாகக் கதவருகில் பேசுவது எனக்கு மட்டும் கேட்கும். கேட்பதை இன்னொரு வாக்கிடாக்கியில் இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல வேண்டும், பதிவேட்டிலும் எழுத வேண்டும். அன்றைக்கு எனக்கு அதுதான் வேலை.

இரண்டு மணி நேரம் பேசினார். மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. “கொழந்த சாப்டுச்சாண்ணா?” என்றுதான் ஆரம்பித்தார். மனைவி என்ன சமைப்பாள், பெண் எந்தப் பள்ளிக்கூடம், இந்த வருடம் மழை எப்படி. ஏழுமலை அழுதார், திட்டினார், மறுபடி அழுதார். அஞ்சலாட்சிக்குப் பின்னால் நின்ற பையன் பொறுக்க முடியாமல் கதவை உடைக்கட்டுமா என்று ஜாடையில் கேட்டானாம். “கதவ ஒடைக்க ரெண்டு நொடி போதும். இவ்ளோ நாளு ட்ரெய்னிங் எடுத்தது ஒடைக்காம நிக்கறதுக்கு” என்று அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

பிறகு ஏழுமலையின் குரல். ரொம்பவும் அமைதியாக இருந்தது.

“சரிங்கக்கா. நீங்க நல்லா பேசினீங்க. நான் வர்றேன்.”

எனக்கு உயிர் வந்தது. உடனே வாக்கிடாக்கியை எடுத்து, “ஆள் வெளியே வர்றதா சொல்றான் சார்” என்றேன். இன்ஸ்பெக்டர், “யாரும் அசைய வேணாம். வெளிய வரட்டும்” என்று வாக்கிடாக்கியில் எல்லோருக்கும் உத்தரவிட்டார். ‘தான் வெளியே வருவதாக ஏழுமலை தெரிவித்தார்’ என்று நான் எழுதினேன். கல்வெட்டு.

எழுதிக்கொண்டிருக்கும்போதே காதில் அஞ்சலாட்சியின் குரல் கேட்டது.

“எங்கண்ணா வர்றீங்க?”

பதில் இல்லை.

“அண்ணா, எங்க வர்றீங்கன்னு கேட்டேன்.”

பதில் இல்லை. மூன்று எண்ணும் நேரம் இருக்கும். கதவு பெயர்கிற சத்தம் கேட்டது.

உள்ளே சிலிண்டர் திறந்திருந்தது. ஏழுமலையின் ஒரு கையில் பெண், இன்னொரு கையில் லைட்டர். அஞ்சலாட்சி அந்தக் கைமேல் போய் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. விழுந்த வாக்கிலேயே எட்டிச் சிலிண்டரைத் திருகி மூடினார். பின்னால் வந்த பையன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். தீ பிடிக்கவில்லை. யாரும் சாகவில்லை.

யாரும் சாகாததுதான் அஞ்சலாட்சிக்கு வினையாகப் போயிற்று. விசாரணை வைத்தார்கள். வெளியே வருவதாகச் சொன்ன மனிதரின் வீட்டுக்குள், அசைய வேண்டாம் என்ற உத்தரவுக்குப் பிறகு புகுந்து, அவர் கையை முறித்தது ஏன் என்று கேட்டார்கள். சிலிண்டர் திறந்திருந்ததை அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. வாடையா? அது காலையிலிருந்தே இருந்தது. லைட்டரா? கையில் லைட்டர் இருப்பது குற்றமா என்றார்கள். ஏழுமலையும் தான் வெளியே வரத்தான் இருந்ததாகச் சொல்லிவிட்டார். “அவரு வெளியேன்னு சொல்லவே இல்ல சார். எங்கன்னு ரெண்டு வாட்டி கேட்டேன், பதிலு வரல” என்றார் அஞ்சலாட்சி. கூட நின்ற பசங்கள் சொன்னதை, அக்காவுக்குப் பரிந்து பேசுகிறார்கள் என்று தள்ளிவிட்டார்கள். அவர் கேட்டது பதிவேட்டில் இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். “பதிவேட்டில் உள்ளது சரிதானா?” என்று ஒரே கேள்வி.

அஞ்சலாட்சி இரண்டு முறை கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. ‘வெளியே’ என்ற சொல்லை ஏழுமலை சொல்லவில்லை என்பதும், அந்தக் கேள்வி என் முன்னால் வந்தபோது, எனக்குத் தெரிந்திருந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று புதுப் பசங்களுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எழுதியது தவறு என்றால் என் பெயர் போகும். உத்தரவே என் தவறால் வந்தது என்றால் என் வேலைக்கும் ஆபத்து. “சரி சார்” என்றேன். இரண்டே சொல்.

அஞ்சலாட்சி அப்போது அறைக்குள்தான் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரிவிலிருந்து அவரை எடுத்து ஒரு காவல் நிலையத்தில் பாரா டியூட்டி போட்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு காவல் நிற்கிற வேலை. ஓய்வு பெறும் வரை நின்றார். போகிற வழியில் நான் பார்த்தால், “நல்லாருக்கீங்களா ரைட்டரே?” என்பார். நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது, வாரம் இரண்டு தடவை பாண்டிச்சேரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார் என்று கேள்விப்பட்டுக் காணைக்குப் போனேன். முகம் வற்றியிருந்தது, குரல் அப்படியே இருந்தது. அவருடைய கணவர் கேப்பைக் கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கழனிக்குப் போனார். ஒன்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். அவர் கேட்டது என் காதில் விழுந்தது என்றேன். ‘வெளியே’ நான் சேர்த்தது என்றேன்.

“தெரியும் ரைட்டரே” என்றார். “எம் மைக்கு அன்னிக்கி நல்லாத்தான் வேல செஞ்சுது.”

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று கூழைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“எனக்கு அது இல்ல வருத்தம்” என்றார் பிறகு. “புதுப் பசங்களுக்கு அத ஒரு பாடமா நடத்திக்கினு இருக்காங்களாம். ஒரு பொம்பள போலீஸ் உத்தரவ மீறிப் போயி, வெளிய வர்றவன் கைய ஒடச்சாங்க, அப்படிச் செய்யாதீங்கன்னு. எம் பேரு கூடச் சொல்றதில்ல, அது போவட்டும். நாளைக்கி இன்னொரு கதவுக்கு அந்தாண்ட ஒருத்தன் வர்றேன்னு சொல்லுவான். இதப் படிச்ச புள்ள கையக் கட்டிக்கினு நிக்கும். நம்ம ஊர்ல சாவப் போறவனும் வர்றேன்னுதான சொல்லுவான்?”

“நான் என்ன செய்யணும்?”

“போயி சொல்லுங்க. அந்த ஆள் பேர இழுக்காதீங்க, அவரு பொண்ண வச்சிக்கினு பொழைக்கறாரு. நீங்க எழுதினத மட்டும் சொல்லுங்க. பாடத்த மாத்தச் சொல்லுங்க.”

அடுத்த வாரமே போகிறேன் என்றேன். புறப்படும்போது பழக்கத்தில் “வர்றேம்மா” என்றேன். “எங்க?” என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

போகவில்லை. ஓய்வூதியத்தில் கை வைப்பார்களோ என்று ஒரு வாரம். பேத்தி பிறந்தநாள் என்று ஒரு வாரம். விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸில் திரும்பிய நாளும் உண்டு. ஒருநாள் அவரே போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காணையில் நல்ல கூட்டம். பழைய பசங்கள் எல்லோரும் தொப்பையோடும் நரையோடும் வந்திருந்தார்கள். பாடையை அவர்கள்தான் தூக்கினார்கள். காடு வரை போய்த் திரும்பிய பிறகு, வேலியோரம் நின்ற ஒருவர் என்னிடம் வந்தார். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணியிருந்தது. பக்கத்தில் சுடிதார் போட்ட ஒரு பெண். மயிலத்தில் கல்லூரியில் படிக்கிறதாம்.

“என்னத் தெரியுதுங்களா சார்?” என்றார் ஏழுமலை.

பெண்ணைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டுப் பேசினார். “அன்னிக்கி நான் கெளம்பறதுக்குத்தான் சார் சொன்னேன். நானும் பொண்ணும். எங்கண்ணா வர்றீங்கன்னு அக்கா கேட்டாங்க பாருங்க, அதுக்கு எங்கிட்ட பதிலு இல்ல. அதனாலதான் லைட்டர அமுக்காம அப்படியே நின்னுட்டேன். அந்த மூணு நொடியிலதான் உள்ள வந்தாங்க. வக்கீலு வெளிய வரத்தான் இருந்தேன்னு சொல்லிடு, இல்லாட்டி பொண்ணப் புடுங்கிடுவாங்கன்னாரு. சொல்லிட்டேன். அப்பறமா அக்கா காலுல வுழுந்து சொன்னேன். பொண்ணப் பாத்துக்கோண்ணா, அது போதும்னுட்டாங்க.”

“இத நான் எழுதலாமா?” என்று கேட்டேன்.

“எம் பேரு இல்லாம எழுதுங்க. பொண்ணுக்கு நானே சொல்லிட்டேன்.”

சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் வழக்கம். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெண் தண்ணீரோடு வந்தது. குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம்.

மூன்றாம் நாள் விழுப்புரம் போனேன். இப்போது பிரிவில் இருக்கும் இன்ஸ்பெக்டர் இளைஞர். எழுதிக் கொண்டுபோயிருந்த வாக்குமூலத்தைப் படித்தார். மறுபடி படித்தார். “பசங்க கிளாஸ்லதான் இருக்காங்க. நீங்களே சொல்லிடறீங்களா சார்? பத்து நிமிஷம் எடுத்துக்குங்க” என்றார்.

வாழ்நாளில் ஒரு வகுப்பின் முன்னால் நான் நின்றதில்லை. கரும்பலகையில் ‘வர்றேன்’ என்று எழுதினேன். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பாதிப் பேர் வருவது என்றார்கள், பாதிப் பேர் கிளம்புவது என்றார்கள். ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அஞ்சலாட்சியின் பெயரைச் சொன்னேன். கதவைச் சொன்னேன். ‘வெளியே’ என்பது அந்த மனிதர் சொன்னதல்ல, நான் எழுதியது என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தது. “இத ஏன் சார் அன்னிக்கே சொல்லல?”

“பயந்துட்டேம்மா” என்றேன்.

பாடத்தை மாற்றிவிட்டார்கள். கதவருகில் நிற்கிறவர், ‘வர்றேன்’ என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், எங்கே என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் உத்தரவுக்குக் காத்திராமல் உள்ளே போகலாம். அஞ்சலாட்சியின் பெயரோடுதான் அது இருக்கிறது. அவருடைய கணவரிடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார். “அவ இருந்தப்ப சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பா” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அஞ்சலாட்சி என்னை மன்னித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மன்னிப்புக்குப் பதில் ஒரு வேலையைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. அதற்கு ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். முடிந்தபோது கேட்க அவர் இல்லை. அவருடைய துணிவு உங்களில் யாருக்காவது வந்திருக்கும், பொறுமை வேறு யாருக்காவது வந்திருக்கும். என்னிடம் இருப்பது அந்த ஒரு வருடம்தான்.